கேள்வித்தாள் கசிந்த வழி

அந்தச் சனிக்கிழமை மாலை, கேள்வித்தாள் தயாரானபோது வீட்டில் இருந்தவர்கள்:

பிசிக்ஸ் வாத்தியார். கேள்வித்தாளைத் தயாரித்தவர். சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர், அவருடைய கணக்கில்.

அவர் மனைவி. சமையலறைக்கும் துணி காயப்போடும் பால்கனிக்கும் நடந்துகொண்டிருந்தாள். நடக்கிற வழியில்தான் மேஜை.

அவர்கள் மகள், இரண்டாம் வகுப்பு. ஈர்ப்பு விசையில் அக்கறை கிடையாது.

குழாய் ரிப்பேர்காரர். பாத்ரூமில் கொஞ்ச நேரம். தமிழ் தெரியாது. ஆனால் கேள்வித்தாளும் தமிழில் இல்லை.

மனைவியின் தம்பி. சோபாவில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து தலையைத் தூக்கினால் கம்ப்யூட்டர் திரை தெரியும். பிறகு ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது வாத்தியார் அதே சோபாவில் படுத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தார். தெரிந்தது.

இந்தப் பட்டியலை வாத்தியார் எதிலும் எழுதிவைக்கவில்லை. எழுதினால் யாராவது படித்துவிடுவார்கள். மனதுக்குள்ளேயே போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். ரிப்பேர்காரர் முதலில் கழன்றுகொண்டார். மகள் அடுத்து. மனைவியைக் கொஞ்ச நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு விட்டார். மிஞ்சியது மச்சான்.

நடந்தது இதுதான். பதினோராம் வகுப்புக்கு இடைப்பருவத் தேர்வு வைத்தார். வகுப்பு மொத்தமும் வெளுத்து வாங்கியது. பிரேக் போடும் பஸ்ஸின் கூரையிலிருந்து ஒரு செருப்பு தொங்கினால் எவ்வளவு சாயும் என்று சொந்தமாக ஒரு கணக்கைக் கற்பனை செய்து கேட்டிருந்தார். அதையும் ஒருவர் விடாமல் போட்டிருந்தார்கள். வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. கடல் தாண்டி வந்து, புரியாத ஊரில், பாதி புரிந்த மொழியில் பாடம் நடத்தி இப்படி ஒரு விளைச்சலா என்று வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னார். பாயசம் ஆறுவதற்குள் பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார்.

பிரின்சிபால் அந்த ஊர்க்காரர். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய அம்மாள். சந்தோஷச் செய்தியையும் மரணச் செய்தியையும் ஒரே குரலில் சொல்கிறவர். தன் மொழியில் அவர் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இவ்வளவுதான்:

"உங்க க்ளாஸ கூப்பிட்டு நானே வாய்மொழியா கேட்டுப் பாத்தேன். பேப்பர்ல வந்த பாடம் எல்லாருக்கும் தலைகீழா தெரியுது. வராத பாடம் ஒருத்தருக்கும் ஒரு வரி தெரியல. உங்க பேப்பர் வெளிய போயிருக்கு சார். அடுத்த தேர்விலயும் இதே மாதிரி ஆச்சுன்னா ஒப்பந்தத்த புதுப்பிக்க மாட்டோம்."

ஒப்பந்தம் என்பது ஒரு தாள்தான். ஆனால் குடியிருக்கும் வீடு பள்ளிக்கூடம் கொடுத்தது. மனைவி, மகள் இருவரின் விசாவும் அந்தத் தாளில் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் பள்ளி வாசலில் அழுவதை இப்போதுதான் நிறுத்தியிருந்தாள். ஊரில் பார்த்த வேலையை வாத்தியார் ராஜினாமா செய்துவிட்டு வந்தவர். திரும்பிப் போனால் அந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருப்பார்.

வாத்தியார் இயல்பிலேயே ஒரு மாதிரி. ஆசிரியர் அறையில் தன் டீத்தூள் டப்பாவில் பேனாவால் மட்டம் குறித்து வைப்பவர். கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பது போதாது என்று மாடிப்படி இறங்கிவிட்டு மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்ப்பவர். ஆனால் தேர்வு விஷயத்தில் அவருடைய கறாருக்குக் காரணம் இருந்தது. ஊரில் கூட வேலை பார்த்த ஒருவர், தன்னிடம் டியூஷன் படித்த பிள்ளைகளுக்கு வரப்போகும் கேள்விகளைக் கோடி காட்டி, மாட்டி, தலையில் துண்டு போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு எடுத்த முடிவு: வகுப்பில் குரலை ஏற்றுவதில்லை, இறக்குவதில்லை, 'இது முக்கியம்' என்ற வார்த்தையைச் சொல்வதில்லை.

ஊரில் பிள்ளைகள் விடமாட்டார்கள். "சார், இது வருமா சார்?" என்று உயிரை வாங்குவார்கள். இந்த ஊரில் ஒரு பிள்ளைகூட அப்படிக் கேட்டதில்லை. தேர்வுக்கு முந்தின மறுபார்வை வகுப்பில் கண் கொட்டாமல் பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "இங்க புள்ளைங்க கவுரவமானவங்க" என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

மச்சான் அதே பள்ளியில் நகல் எடுக்கும் அறையில் வேலை பார்த்தான். ஊரில் மூன்று வேலைக்குப் போய் மூன்றையும் விட்டவன். அக்கா நச்சரித்து, வாத்தியார் பிரின்சிபாலிடம் வாய் விட்டுக் கேட்டு வாங்கிக்கொடுத்த வேலை. மிஷினோடு அவனுக்கு நல்ல ராசி. பிள்ளைகளோடும். காரிடாரில் அவன் நின்றால் பத்துப் பேர் கூடிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் தன் ஒப்பந்தம் இருக்கிறதா என்று வாத்தியார் காதைத் தீட்டிக்கொண்டு தாண்டிப் போவார்.

ஒருநாள் புது ஷூ போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்தான்.

"என்ன மாமா அப்படிப் பாக்கிறீங்க? ஷூ புதுசுதான். திருடல."

"திருடினன்னு யாரு சொன்னா?"

"நீங்க சொல்லல. உங்க மூஞ்சி சொல்லுது."

"ஏதுன்னுதான் கேட்டேன்."

"கடைல கழிச்சுப் போட்டதுல எடுத்தேன் மாமா. ஒரு கால் ஒன்பது சைஸ், ஒரு கால் எட்டு. யாருமே சீண்டல. எனக்காகவே காத்திட்டு இருந்த மாதிரி இருந்துச்சு."

அக்காக்காரி சிரித்ததில் சாதம் புரையேறியது. "உனக்குப் பொண்ணும் இப்படித்தான்டா கிடைக்கும்" என்றாள்.

அவன் குளிக்கப் போனதும் வாத்தியார் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். ஒன்று ஒன்பது, ஒன்று எட்டு. சந்தேகம் தீரவில்லை, கூடியது. உண்மையை இவ்வளவு தயாராக வைத்திருக்கிறவன் எதற்காகத் தயாராகிறான்?

"என்னங்க, ஷூவ மோந்து பாக்கிறீங்களா?" என்றாள் பின்னால் வந்து நின்ற மனைவி.

"அளவு பாத்தேன்."

"உங்களுக்கு என் தம்பி மேல என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஷூவ கீழ வைங்க."

அடுத்த தேர்வுக்கு வாத்தியார் பொறி வைத்தார். பொய்க் கேள்வித்தாள் ஒன்று தயாரித்தார். அதே மேஜையில், அதே சோபாவுக்கு எதிரில், மச்சான் படுத்திருக்கும் நேரமாகப் பார்த்து. பிரின்சிபாலிடமும் அதைத்தான் காட்டிக் கையெழுத்து வாங்கினார். நகல் எடுக்க மச்சான் கையிலேயே கொடுத்தார். உண்மையான கேள்விகள் வேறு. அவை எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை, எந்தத் தாளிலும் இல்லை. அவர் மண்டைக்குள் மட்டும் இருந்தன. தேர்வு நாளில் பலகையில் எழுதிப்போடுவதாகத் திட்டம். பொய்த்தாளைப் படித்துவிட்டு வந்தவர்கள் முழிப்பார்கள். முழி காட்டிக்கொடுத்துவிடும்.

மறுபார்வை வகுப்பு வந்தது. வாத்தியார் எல்லாப் பாடத்தையும் வரிசையாக எடுத்தார். உராய்வு. படம் போட்டார், சமன்பாடு எழுதினார், விட்டுவிட்டுப் பலகையின் அடுத்த பக்கத்துக்குப் போனார். எறிபொருள். எழுதினார், சொன்னார், துடைத்தார். ஒலி அலை. எழுதினார், அது பாட்டுக்கு இருந்தது. லென்ஸ். எழுதினார், துடைப்பான் கைக்கு அகப்படவில்லை, உள்ளங்கையாலேயே துடைத்தார். மண்டையில் இருக்கும் கேள்வி பலகையில் ஒரு நிமிஷம்கூட நின்று யார் மனதிலும் பதிந்துவிடக் கூடாது. வகுப்பு மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. மணி அடித்தபோது வாத்தியாருக்குத் திருப்தி. இம்மியளவுகூடக் குறிப்புக் காட்டவில்லை.

தேர்வுக்கு முந்தின சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். யானை மாதிரி ஒன்று. வாத்தியார் பாராட்டக் குனிந்தார். தாளைத் திருப்பினார். பின்பக்கம் அவருடைய பொய்க் கேள்வித்தாள், கோணலாக, மையிழுத்து, பாதி அச்சாகியிருந்தது.

"இது ஏது பாப்பா?"

"மாமா குடுத்தாங்க. எப்பவும் குடுப்பாங்க."

எப்பவும். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது அவருக்கு.

மச்சான் சாதாரணமாகத்தான் சொன்னான். "மிஷின் கடிச்சுத் துப்பின தாள் மாமா. குப்பைக்குத்தானே போகுது, பாப்பா கிறுக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன்."

"கேள்வித்தாள் வெளிய வரக்கூடாதுன்னு தெரியாதா?"

"வெளிய எங்க வந்துச்சு? உங்க வீட்டுக்குத்தானே வந்திருக்கு."

வாத்தியார் யானையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகள் அழுதாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்த யானையைப் பிரின்சிபாலின் மேஜையில் விரித்தார். அம்மாள் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"உங்க சொந்தக்காரர்தானே?"

"ஆமா."

"நிச்சயமா அவர்தானா?"

"நிச்சயமா."

தேர்வு அதுபாட்டுக்கு நடக்கட்டும், பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்றார் அம்மாள். கேள்விகளை மாற்றியதை மட்டும் வாத்தியார் சொல்லவில்லை. யாரிடமும் எதையும் முழுதாகச் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

மச்சானைக் கூப்பிட்டார்கள். வளையத்திலிருந்து நகல் அறைச் சாவியைக் கழற்ற அவனுக்கு நேரம் பிடித்தது. இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து விரித்தான். மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தவன் காரிடாரில் வாத்தியாரைப் பார்த்து, "மாமா, நீங்களா?" என்று மட்டும் கேட்டான். வாத்தியாருக்குத் தேர்வுக்கு நேரமாகியிருந்தது.

பலகையில் கேள்விகளை எழுதிவிட்டுத் திரும்பி, முழிகளைத் தேடினார். ஒரு முழியும் இல்லை. பேனாக்கள் ஓடின. லென்ஸ் கேள்வியை ஒருவன் சிரித்துக்கொண்டே எழுதினான். வாத்தியார் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தார். எல்லாம் சரி. அச்சு அசல் சரி. யாரிடமும் சொல்லவில்லையே. தூக்கத்தில் உளறினோமா? உளறினால் கேட்பது யார்? கழித்துவிட்டிருந்த மனைவியை மறுபடி பட்டியலில் சேர்த்தார்.

கடைசியாகத் தாளைக் கொடுத்தது கடைசி வரிசைப் பெண். வெயிலோ மழையோ, தலையை மூடும் தொப்பி வைத்த சட்டைதான் போட்டிருப்பாள். எல்லோரும் தொப்பி என்றே கூப்பிடுவார்கள். பெற்றோர் நம் ஆட்கள், வீட்டில் தமிழ். வாத்தியார் கதவுப்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பேப்பர் உங்களுக்கு எப்படி முன்னாடியே தெரிஞ்சுது?"

"பேப்பரே இல்லையே சார். போர்டுலதானே எழுதினீங்க?"

"விளையாடாத. காலைல என் மச்சான் வேலை போச்சு."

அவள் தொப்பியைப் பின்னால் தள்ளினாள். "காப்பி ரூம் அண்ணாவா? ஐயோ, அவருக்கு என்ன சார் தெரியும்? எங்களுக்குச் சொன்னது நீங்கதான்."

"நானா?"

"ரிவிஷன்ல வராத பாடத்த எழுதினா அப்படியே விட்டுடுவீங்க. வர்ற பாடம்னா அவசர அவசரமா துடைப்பீங்க. லென்ஸ கையாலயே துடைச்சீங்களே, அதுக்கு நாங்க ரெண்டு ஸ்டார் போட்டோம். அதனாலதான் யாரும் உங்ககிட்ட இது வருமான்னு கேக்கறதில்ல." பையைத் தோளில் மாட்டியவள் நின்றாள். "வேணும்னேதான் செய்றீங்கன்னு நெனச்சோம் சார். சொல்லாம சொல்றாரு, நல்ல சாருன்னு க்ளாஸே பேசிக்கும்."

அவள் போனதும் வாத்தியார் தன் கையைப் பார்த்தார். சுண்டுவிரல் ஓரமெல்லாம் பலகை மையின் நீலம். இந்த நீலத்தோடுதான் அவர் இரண்டு பருவமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் மச்சான் பெட்டி கட்டினான். மகள் பெட்டி மூட முடியாதபடி அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவன் அவளைத் தூக்கி இறக்கிவிட்டுக் கூட்டாளி ஒருவனின் அறைக்குப் போய்விட்டான். மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

வாத்தியார் படுக்கையை விரிக்கப் போனார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். குற்றவாளி பிடிபட்டாயிற்று, ஒப்பந்தம் பத்திரம். கேள்வியை மாற்றியது பிரின்சிபாலுக்குத் தெரியாது. மச்சானுக்கு வேறு வேலை கிடைக்காமலா போய்விடும்? படுத்துக்கொண்டு இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எங்கேயும் ஓட்டை இல்லை, ஒரே ஒரு இடத்தைத் தவிர. தொப்பிக்குத் தெரியும். வகுப்பு மொத்தத்துக்கும் தெரியும். ஒரு வகுப்புப் பிள்ளைகளின் வாயை நம்பி எந்த முட்டாள் குடும்பம் நடத்துவான்?

ஆகவே மறுநாள் போய் உண்மையைச் சொன்னார். மனம் இளகிவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பயத்தில் சொன்னார்.

பிரின்சிபால் நம்பவில்லை. "நேத்து நிச்சயமா அவர்தான்னீங்க. இன்னிக்கு நிச்சயமா நீங்கதாங்கிறீங்க. வீட்ல சண்டையா?"

வாத்தியார் வாழ்க்கையில் முதல் தடவையாக முழு உண்மையைச் சொல்கிறார், எதிரில் இருப்பவர் அவரை ஷூவைத் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். "நீங்களே வந்து பாருங்க" என்றார்.

வந்தார். ஒரு துண்டுத்தாளில் ஐந்து பாடங்களை எழுதி வாத்தியாரிடம் மட்டும் காட்டிவிட்டுத் தாளைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வாத்தியார் எல்லாப் பாடத்தையும் எடுக்க வேண்டும், தாளில் இருப்பது எந்த ஐந்து என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். வாத்தியார் ஆரம்பித்தார். இந்தத் தடவை உஷாராக இருந்தார். எதையுமே துடைப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, துடைப்பானை மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். சில பாடங்களின்போது வலது கை தன்னால் எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

முடிந்ததும் தொப்பி எழுந்து, ஐந்து பாடங்களின் பெயரைச் சொன்னாள். வகுப்பே தலையாட்டியது. பிரின்சிபால் துண்டுத்தாளை எடுத்துப் பார்த்தார். ஐந்தும் சரி.

"எப்படி?" என்றார்.

"அந்த அஞ்சு வர்றப்ப மட்டும் சார் தன் கையைத் தானே அரெஸ்ட் பண்ணிக்கிட்டாரு" என்றாள் தொப்பி, அவர்கள் மொழியில். பிரின்சிபால் சிரித்து வாத்தியார் பார்த்தது அன்றைக்குத்தான். நெடுநேரம் சிரித்தார். பிறகு அறைக்குக் கூப்பிட்டு, அதே ஒரே குரலில் சொன்னார். பாடம் நன்றாக நடத்துகிறீர்கள், ஒரு வருஷத்துக்குப் புதுப்பிக்கிறோம். இனிமேல் கேள்வித்தாள் உங்கள் வேலையில்லை. பள்ளியின் வேறு கிளையிலிருந்து சீல் வைத்து வரும், இங்கே நகல் மட்டும்தான். தேர்வுக்கு முன்னால் நீங்கள் அதைப் பார்க்கக் கூடாது, அது இருக்கும் அறைக்குள்ளும் போகக் கூடாது.

மச்சானை அந்த அம்மாளே போனில் கூப்பிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். அவன் வேலைக்கு வந்தான். வீட்டுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாத்தியார் கடைக்குப் போகும் நேரத்தில் வந்து மகளோடு விளையாடிவிட்டுப் போகிறான் என்பது, தரையில் கிடக்கும் படங்களிலிருந்து அவருக்குத் தெரிந்தது. இப்போதெல்லாம் வெள்ளைத் தாள். இரண்டு பக்கமும் வெள்ளை. திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

ஆண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் மனைவி ஒரு டப்பாவை அவர் கையில் திணித்தாள். "என் தம்பிக்கு. வழியில திறந்து பாக்காதீங்க, உள்ள எலுமிச்சை சாதம்தான்."

நகல் அறைக் கதவைத் தட்டினார். மிஷின் ஓடும் சத்தம் நின்றது. கதவு திறந்தது. மச்சான் டப்பாவை வாங்கிக்கொண்டான். அவன் தோளுக்குப் பின்னால் மிஷின் தட்டில் தாள்கள் சூடாக அடுக்கியிருந்தன. வாத்தியார் ஓர் அடி உள்ளே வைத்துவிட்டார், பழக்கத்தில். மச்சான் மிஷினுக்கும் அவருக்கும் நடுவில் வந்து, பழைய துண்டு ஒன்றை எடுத்துத் தாள்கள் மேல் போட்டான். ஒன்பதும் எட்டுமான அந்த ஷூக்கள் தரையில் அழுத்தமாக ஊன்றியிருந்தன.

"இன்னிக்கு நீங்க உள்ள வரக்கூடாது சார்."

"என்னடா இது, புதுசா சாருங்கற?"

"ஸ்கூல்ல சார்தானே."

"வீட்டுக்கு எப்ப வர?"

"அக்காகிட்ட சொல்லிக்கிறேன் சார்."

அவன் கண் வாத்தியாரின் சட்டைப்பைக்குப் போனது, கைக்குப் போனது, மறுபடி சட்டைப்பைக்கு வந்தது. வாத்தியார் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஏன் காட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை.

"பாப்பா உன்னத் தேடுது" என்றார்.

"தெரியும் சார். மிஷின் சூடா இருக்கு, நின்னா தாள் சிக்கிக்கும். நீங்க கெளம்புங்க."

வாத்தியார் காரிடாருக்கு வந்தார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாவி ஒரு சுற்றுச் சுற்றியது. கைப்பிடி ஒருமுறை அசைந்தது. பூட்டியிருக்கிறதா என்று உள்ளேயிருந்து அவன் இழுத்துப் பார்த்தான்.